நொரை கொட்டுன வியாழக்கெழம

...அதுக்குன்னு வாசல்ல போயி ஒரு சாண் ஒசரத்துக்குத் திட்டு கட்டுவாங்களா, நீயே சொல்லும்மா? வாசல்ல! மனுசங்க நடக்குற வாசல்ல! இருவத்திரெண்டு வருசமா நான் கண்ண மூடிக்கிட்டு நடந்து போன வாசல்மா அது. திட்டு கட்டுன மொத நாளே குப்புற வுழுந்தேன். கையில டிபன் பாக்ஸு. புளிசாதம் பூரா தரையில. எழுந்து பாக்குறேன், மஞ்ச ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டு அவ நிக்குறா. "இளவரசி மேடம், கால தூக்கி வச்சு வாங்க"ங்குறா. வுழுந்ததுக்கு அப்புறம் சொல்லுறா!

கொஞ்சம் நல்லா சாஞ்சு ஒக்காரும்மா. பையக் காலுகிட்ட வச்சுக்க. சன்னலோரம் வேணுமா? வேணாமா? சரி, நானே இருக்கேன், எனக்குக் காத்து வரணும். எங்க, சிதம்பரமா? நானும் சிதம்பரந்தான்! நல்லதாப் போச்சு, பேசிக்கிட்டே போயிரலாம். கடலூர்லேருந்து ஒண்டியா ஒக்காந்து போனா தூக்கம் தூக்கமா வருது... என்னா, போன எடுத்துட்ட? அவசரமா? இல்லீல்ல? உள்ள வையி.

எம்பேரு இளவரசி. பேருதான் அப்படி, பாக்குறது தின்னர் குடோனு. ஸ்டோர் இன்சார்ஜ். தின்னர் தெரியுமில்ல, பெயிண்டுல ஊத்திக் கலக்குவாங்களே, மூக்க அடைக்கிற மாதிரி வாசன வருமே, அதான். கிட்ட ஒரு பொறி போனாப் போதும், குப்புனு புடிச்சுக்கும். சாயந்தரம் நான் வீட்டுக்குள்ள நொழஞ்சாலே எங்க வீட்டுக்காரு பீடிய அணைச்சிருவாரு. மரியாதன்னு நெனைக்காத, பயம்.

மின்னெல்லாம் அந்தக் குடோனுல சோப்பு, பிஸ்கட்டுதான். எங்க மொதலாளி கோவிந்தசாமி இருக்காரே, சிதம்பரத்துக்காரரு, இப்ப அவரு வீட்டுக்குத்தான் போறேன், அவருதான் ரெண்டு வருசத்துக்கு மின்ன சோப்ப நிறுத்திட்டு தின்னருக்கு மாறுனாரு. சோப்பு இருந்த ராக்குல டிரம்ம அடுக்குனோம். பிஸ்கட்டு இருந்த எடத்துல பெரிய பெரிய பிளாஸ்டிக் டேங்கு. நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. அப்பத்தான் வந்தா இவ. கனிமொழி. மேல்பட்டாம்பாக்கத்துப் பொண்ணு. சேஃப்டி படிப்பு படிச்சவ. இருவத்தஞ்சு இருவத்தாறு வயசு இருக்கும், என் மூத்த பொண்ணு வயசு. வந்து குடோன சுத்திச் சுத்திப் பாத்துட்டு மொதலாளிகிட்ட சொல்லுறா, "சார், மேல இருக்குற ஸ்பிரிங்க்ளரு சோப்புக்கு வச்சது. இதுக்கு ஒதவாது."

எனக்கு எப்படி இருக்கும்? நெருப்பு புடிச்சாத் தானா தண்ணி தெளிக்கிற குழா அது, இருவத்திரெண்டு வருசமா அந்தக் குழாயிக்கு அடியில ஒக்காந்திருக்கேன். "என்னாம்மா ஒதவாது? தண்ணி தண்ணிதான, சோப்பு எரிஞ்சாலும் அணைக்கும், தின்னர் எரிஞ்சாலும் அணைக்கும்"னேன். அவ என் மேசையில இருந்த எவர்சில்வர் டம்ளர எடுத்தா. பாதி தண்ணி ஊத்துனா. அது மேல தின்னர ஊத்துனா. ரெண்டும் கலக்கல, தின்னர் மேல மெதக்குது. "பாத்தீங்களா மேடம், எரியுற தின்னர் மேல வெறும் தண்ணிய ஊத்துனா அது தண்ணி மேல ஏறி ஒக்காந்துக்கும். தண்ணி எங்கெங்க ஓடுதோ நெருப்பும் அங்கெல்லாம் ஓடும்"ங்குறா.

சரி, நல்ல வெளக்கம். ஆனா அது நான் டீ குடிக்கிற டம்ளரும்மா! நாலு நாள் புளி போட்டுத் தேச்சேன். இன்னிக்கும் அந்த டம்ளர்ல டீ குடிச்சா எனக்குப் பெயிண்டு கடையில நிக்கிற மாதிரி இருக்குது.

அப்புறம் ஆரம்பிச்சா வேலைய. தண்ணியோட ஒரு மருந்து கலக்குதாம், நொரையா வருதாம், அந்த நொரை தின்னர் மேல கம்பளி போத்துன மாதிரி போத்திக்குமாம், காத்து உள்ள போவாதாம். அதுக்கு ஒரு டேங்கு, ஒரு பெரிய பம்பு. மேல மட்டும் குழா இருந்தாப் பத்தாதாம், ராக்கு நடுவுலயும் தட்டுக்குத் தட்டு குழா. ஒவ்வொரு குழாயிலயும் சுண்டு வெரலு நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குப்பி, உள்ள நீலமா மை ஊத்துன மாதிரி. சூடு ஏறுனா அது ஒடைஞ்சு தண்ணி வருமாம். நான் சினிமால பாத்த மாதிரி எல்லாத்துலயும் ஒண்ணா கொட்டும்னு நெனச்சேன். இல்லியாம், எது மேல சூடு படுதோ அது மட்டுந்தானாம். பிளாஸ்டிக் டேங்க ராக்குலேருந்து எறக்குன்னா. அது உருகி ஓடுமாம். தனி மூலையில வையின்னா. டிரம்ம இந்த ஒசரத்துக்கு மேல அடுக்காதன்னா. கொட்டுன தின்னர் அடுத்த ரூமுக்கு ஓடக் கூடாதுன்னு வாசலுக்கு வாசல் திட்டு. அந்தத் திட்டுல நான் மொத்தம் நாலு தடவ வுழுந்திருக்கேன். வேற யாருமே வுழலயாம். சிரிக்காத!

இதெல்லாங்கூடப் பொறுத்துக்கிட்டேம்மா. கொடை விசயம்தான் பொறுக்க முடியல.

நான் என்னா பண்ணேன்? ஒரு நாள் நல்ல மழை. நனைஞ்ச கொடைய எங்க வைக்கிறது? மேசைக்கிட்ட ராக்குல குழா போவுது, அதுல மாட்டுனேன். அந்தக் குப்பி பக்கத்துல. அவ்ளோதான். எங்கிருந்தோ ஓடி வந்தா பாரு. "மேடம், அது கொடை மாட்டுற ஆணி இல்ல! குப்பி ஒடைஞ்சா என்னாவும்? கொடை மறைச்சுக்கிட்டா தண்ணி எப்படி பரவும்?" எல்லாரு மின்னாடியும்! லேபில் ஒட்டுற பொண்ணுங்க ஆறு பேரு அடுத்த ரூம்ல, எல்லாம் எட்டிப் பாக்குதுங்க. ஒண்ணு சிரிச்சிருச்சு. எனக்கு எப்படி இருக்கும்? அந்தப் பொண்ணுங்கள வேலைக்கு எடுத்தவளே நான்!

அன்னியோட அவகிட்டப் பேச்ச நிறுத்துனேன். மூணு வாரம். எதுனா சொல்லணும்னா ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுற ஆரோக்கியராஜ்தான் எங்களுக்கு நடுவுல. "ஆரோக்கியம், அந்தம்மாவ இங்க கையெழுத்துப் போடச் சொல்லு." "ஆரோக்கியம், அந்தம்மாகிட்டச் சொல்லு, மெட்ராஸ் லாரி வந்துருச்சு." அவ ரெண்டடி தள்ளி நிப்பா. அவன் திரும்பி, "கனிமொழி மேடம், மெட்ராஸ் லாரி வந்துருச்சு" அப்படிம்பான். அவளும், "வரட்டும்னு இளவரசி மேடத்துகிட்ட சொல்லுங்க அண்ணே"ம்பா. நல்ல பையன்மா அவன். பையன் என்னா பையன், நாப்பது வயசு. மீச பாரு, இப்படி முறுக்கி... இருந்துச்சு. இப்ப இல்ல. சொல்லுறேன், அதுக்குத்தான வரேன்.

இது எந்த ஊரு, காரைக்காடா? இன்னும் நேரம் இருக்குது.

போன வியாழக்கெழம. மத்தியானம் சாப்ட்டு கை கழுவிட்டு வந்து ஒக்காருறேன். ஆரோக்கியராஜ் டிரம்ம எறக்கிட்டிருக்கான். ஃபோர்க்லிஃப்ட்டு முன்னால ரெண்டு இரும்புக் கை நீட்டிக்கிட்டு இருக்குமே, அதுல ஒண்ணு லேசா விலகி டிரம்முல சொருகிருச்சு. கொடகொடன்னு ஊத்துது. அவன் உடனே வண்டிய நிறுத்திட்டு "யக்கா! பம்ப நிறுத்து!"ன்னு கத்துனான். டிரம்முலேருந்து டின்னுக்கு மாத்துற சின்ன பம்பு ஓடிக்கிட்டு இருந்துச்சு. நான் எழுந்து ரெண்டு அடி வைக்கல. பம்பு ஒயர்ல ஒரு பொறி. அவ்ளோதாம்மா.

சத்தமே இல்ல, தெரியுமா? நான் வெடிக்கும்னு நெனச்சேன். குப்புனு ஒரு மூச்சு மாதிரி. தரையெல்லாம் நீலமா, அப்புறம் மஞ்சளா. ராக்கு அடித்தட்டு வரைக்கும் ஏறிடுச்சு. மேல "டப்"னு ஒரு சத்தம். குப்பி ஒடைஞ்சிருச்சு. தண்ணி வருதான்னு நிமுந்து பாக்குறேன். புளிச் புளிச்னு மூணு தடவ துப்புச்சு. நின்னுபோச்சு.

நின்னுபோச்சும்மா.

இன்னொரு குப்பி ஒடைஞ்சுது. அதுலயும் ஒண்ணும் வரல. அடுத்த ரூம்ல பொண்ணுங்க அலறுதுங்க. அப்புறம் ஆரோக்கியராஜ் ஓடுனான், பின்பக்கம் ஓடி என்னமோ பண்ணான், தண்ணி வந்துச்சு... தண்ணின்னா, நொரை! வெள்ளையா, பொதபொதன்னு, ராக்கு நடுவுலேருந்து, மேலேருந்து, கண்ணு மூடித் தொறக்குறதுக்குள்ள முட்டி ஒசரத்துக்கு நொரை. நெருப்பு அப்படியே அமுங்குது. உள்ளுக்குள்ள கிடந்து பொகையுது, மேல வர முடியல. நாலஞ்சு நிமிசம். அவ்ளோதான், அணைஞ்சு போச்சு. கொட்டுன தின்னர் எல்லாம் அந்தத் திட்டுக்கு உள்ளயே நிக்குது, ஒரு சொட்டு அந்தப் பக்கம் போவல. பொண்ணுங்க ஆறு பேரும் பொறவாசல் வழியா வெளிய போயிருச்சுங்க. ஒருத்திக்கும் ஒண்ணும் ஆவல.

ஆரோக்கியராஜ் நொரைக்குள்ளேருந்து வரான். ஒரு பக்கம் மீசையே இல்ல. பாதி புருவம் இல்ல. கையில கொஞ்சம் கொப்பளம். ஆஸ்பத்திரியில மருந்து போட்டு அனுப்பிட்டாங்க. ஒரு பக்க மீசைய வச்சிக்கிட்டு என்னா பண்றது, மீதியயும் எடுத்துட்டான். அவன் பொண்டாட்டி பொன்னி கதவத் தொறந்துட்டு, "அவரு இன்னும் வரலீங்களே, நீங்க யாரு"ன்னு கேட்டுச்சாம்! அவன்தான் போன்ல சொல்லிச் சிரிச்சான். எனக்குத்தான் சிரிப்பு வரல.

தண்ணி குடிக்கிறியா? எங்கிட்ட இருக்குது. வேணாமா, சரி.

மொதலாளி அன்னிக்கே வந்தாரு. கண்ணு செவந்துபோச்சு. "இவ்ளோ செலவு பண்ணி வச்சேனே, நெருப்பு புடிச்சதும் ஏன் வரல? யாராவது சொல்லுங்க"ன்னு கத்துறாரு. எல்லாரும் தலையக் குனிஞ்சு நிக்குறாங்க. நான்... நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் இருக்கே எனக்கு. "அந்தப் பொண்ணு வச்ச குழா வேல செய்யலீங்க. ஆரோக்கியராஜ் போயி தட்டுனதுக்கு அப்புறந்தான் வந்துச்சு"ன்னுட்டேன்.

அதுலேருந்துதான் எல்லாம். ஆரோக்கியராஜ டிரம்முல குத்துனதுக்கு வேலைக்கு வராதன்னுட்டாரு. இவ வச்ச மொத்த சாமானையும் கழட்டிட்டு இவளையும் அனுப்பிடுறேன்னுட்டாரு. இன்னிக்குப் பதினோரு மணிக்கு அவரு வீட்டுல விசாரண. இன்சூரன்ஸ்காரரு மெட்ராஸ்லேருந்து வராரு. என்னையும் வரச் சொல்லியிருக்காங்க, பாத்த சாட்சி நாந்தானாம்.

தோ பாரு, ஆலப்பாக்கம் தாண்டிட்டோம். அந்தப் பக்கம் நீலத் தகடு போட்ட கூரை தெரியுதில்ல? அதான் எங்க குடோனு. வெளிய இருந்து பாத்தா நெருப்பு புடிச்ச மாதிரியா இருக்குது? ஒரு ராக்குதான் கருகிச்சு. இல்லன்னா இந்த ரோட்டுலயே பஸ்ஸு போயிருக்காது அன்னிக்கு... ஏன் பஸ்ஸு நிக்குது? இங்க ஸ்டாப்பிங் இல்லியே. யாரோ கைய காட்டுறாங்க...

அய்யோ.

மெதுவா. திரும்பாத. ஏய், திரும்பாதன்னு சொல்லுறேன்! மெதுவாத் திரும்பு. அவதான். நீல சுடிதாரு, ஹெல்மெட்ட பையில தொங்க வுட்டிருக்கா பாரு. காலங்காத்தாலயே குடோனுக்கு வந்திருக்கா. நொரை பம்ப ஓட்டிப் பாக்க. வெள்ளிக்கெழமயிலேருந்து இதாம்மா அவளுக்கு வேல. பம்ப ஓட்டுறா, நிமிசம் எண்ணுறா, எழுதுறா, திரும்ப ஓட்டுறா. ஒவ்வொரு தடவையும் உடனே நொரை வருது. வந்தா சந்தோசப்படணுமில்ல? அழுவுறா. "அன்னிக்கு மட்டும் ஏன் லேட்டாச்சு, எங்கயோ நான் தப்பு பண்ணியிருக்கேன்"னு. நான் கதவுக்குப் பின்னாலேருந்து பாத்தேன். சாப்புடல கொள்ளல. கண்ணு எப்படி உள்ள போயிருக்குது பாரு. தோ, நின்னுக்கிட்டே பேப்பர எடுத்துட்டா. பஸ்ஸு ஆட்டத்துல எழுதுறா. என்னாத்தத்தான் எழுதுவாளோ.

நம்மளப் பாக்கல. நல்லவேள.

என்னா கேட்ட? ஏன் தண்ணி லேட்டா வந்துச்சா? அது... அது வந்து, குழாயின்னா ஆயிரம் இருக்கும். காத்து அடைக்கும், துரு... ஆங்? புதுக் குழாதான். ஆமா, துரு எப்படி வரும்... நீ என்னா, வக்கீலுக்குப் படிச்சியா? இவ்ளோ நேரம் வாயே தொறக்கல, தொறந்தா இப்படி ஒரு கேள்வி கேக்குற!

ஆரோக்கியராஜ் பின்பக்கம் போயி என்னா பண்ணானா?

...

வால்வத் தொறந்தான்.

மூடியிருந்துச்சும்மா. பின்பக்கம் சக்கரம் மாதிரி பெரிய வால்வு. எப்பவும் தொறந்தே இருக்கணும்னு சங்கிலி போட்டுப் பூட்டி வச்சிருப்பா. மேல "மூடாதீர்"னு செவப்புல அட்ட. மூடுனா மணி அடிக்கிற மாதிரி ஒரு சுவிட்சு வரணும், அது இன்னும் வந்து சேரல. பூட்டுக்கு ஒரே சாவி. ஸ்டோர் இன்சார்ஜ்கிட்ட.

அப்படிப் பாக்காத. சொல்லுறேன்ல.

என் மேசைக்கு மேல குழா ஜாயிண்டுல லேசா சொட்டு. நாலு நாளா. சரியா என் உச்சந்தலையில. மேசைய நகத்துனேன், ரிஜிஸ்டர்ல சொட்டுச்சு. ரிஜிஸ்டர நகத்துனேன், சாப்பாட்டுல சொட்டுச்சு. அவகிட்ட ஒரு வார்த்த சொன்னாப் போதும், அஞ்சு நிமிசத்துல ஆள வச்சு முறுக்கி வுட்டுருப்பா. ஆனா நாந்தான் பேசுறதில்லியே! ஆரோக்கியராஜ் வேற அந்த திங்கக்கெழம லீவு. பேசாமப் போயி வால்வ மூடி, சங்கிலியப் பழையபடி பூட்டிட்டேன். சாயந்தரம் தொறக்கலாம்னு. சாயந்தரம் மறந்துட்டேன். மறுநாள் பாத்தா, சொட்டு நின்னுருக்குது, சொகமா இருக்குது... இன்னிக்கு ஒரு நாள் கிடக்கட்டும்னேன். புதங்கெழமையும் அதையேதான் சொன்னேன். வியாழக்கெழம...

நெருப்பு ஏறுது, குப்பி ஒடைஞ்சுது, தண்ணி நின்னுது. ஏன் நின்னுதுன்னு அந்தக் குடோனுலயே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். ஆறு பொண்ணுங்க அந்தப் பக்கம். சாவி என் இடுப்புல. முடிச்ச இழுக்க இழுக்க இறுகுது, அவுக்க முடியல. "ஆரோக்கியம், வால்வு"ன்னேன். வேற வார்த்த வரல. அவன் என் இடுப்புச் சுருக்குப் பைய பிச்சு எடுத்துக்கிட்டு நெருப்ப ஒட்டியே ஓடுனான். அப்பப் போனதுதான் மீச.

அவனுக்குத் தெரியும்மா. மூடியிருந்ததும் தெரியும், சாவி யாருதுன்னும் தெரியும். யாரும் பாக்குறதுக்கு மின்ன சங்கிலியப் பழையபடி பூட்டி, சாவிய எங்கிட்டயே குடுத்துட்டான். மொதலாளி அத்தன கேள்வி கேட்டாரு. "பதட்டத்துல ஒண்ணும் ஞாபகம் இல்லீங்க"ன்னுட்டான். அன்னிக்கு சாயந்தரம் எனக்குப் போன் பண்ணி, "யக்கா, நீ பயப்புடாத, ஒனக்கு இன்னும் ஏழு வருசம் சர்வீசு இருக்குது"ங்குறான். வேல போனவன் எனக்குத் தைரியம் சொல்லுறாம்மா! திட்டியிருந்தா நான் ரெண்டு வார்த்த திருப்பித் திட்டிட்டு நல்லாத் தூங்கியிருப்பேன்.

இப்பச் சொல்லு. பதினோரு மணிக்குப் போயி நான் என்னான்னு சொல்லுறது? வீட்டுலேருந்து கெளம்பும்போது, குழா வேல செய்யலன்னு சொல்லிடணும்னுதான் நெனச்சேன். கடலூர் பஸ் ஸ்டாண்டுல, ஞாபகம் இல்லன்னு சொல்லிடலாம்னு நெனச்சேன். இப்ப ஒங்கிட்ட மொத்தத்தயும் ஒளறிட்டேன்...

ஏம்மா, எதுக்கு எந்திரிக்கிற? இது புதுச்சத்திரம்மா, சிதம்பரம் இன்னும் வரல! நின்னுக்கிட்டு வரியா? ஏன், எடமா இல்ல? நான் வேணா நவுந்து... அய்யய்யோ, யாரக் கூப்புடுற? வேணாம். வேணாம்மா, அவ நிக்கட்டும், சின்ன வயசு, நல்லா நிப்பா... ஏ! "இங்க வந்து ஒக்காருங்க"ங்குறியே! ஒன்ன நம்பித்தானடி இவ்ளோ நேரம்...

போயிட்டா. எடத்த அவளுக்குக் குடுத்துட்டு பின்னால போயி நின்னுக்கிட்டா.

ம்...

ஒக்காரு. ஒக்காருன்னா, இந்த எடம் யாரையும் கடிக்காது. பைய இப்படி மடியில குடு. ஆமா, ஒங்கிட்டத்தான் பேசுறேன். ஏன், ஆரோக்கியராஜ் வந்துதான் சொல்லணுமா?

அந்தப் பேப்பர மடிச்சு வையி, கனிமொழி. மடின்னு சொல்லுறேன்ல. பம்புல தப்பில்ல. குழாயில தப்பில்ல. நீ வச்சது எல்லாம் வச்ச மாதிரியே வேல செஞ்சுது. வால்வு மூடியிருந்துச்சு. திங்கக்கெழமயிலேருந்து. மூடுனது நாந்தான்.

நெசமாத்தான். பதினோரு மணிக்கு மொதலாளிகிட்டயும் இதையேதான் சொல்லப் போறேன். அப்புறம் அவரு என்னா பண்றாரோ பண்ணட்டும். ஆரோக்கியராஜ் தொறக்கலன்னா ஆறு பொண்ணுங்க... வேணாம், அத வாயால சொல்லக் கூட முடியல என்னால.

ஏ, அழுவாத. கண்டக்டரு பாக்குறாரு. தோ, முந்தானையில தொடச்சிக்க, தின்னர் வாசன வரும், பரவால்ல. திட்டு. நல்லாத் திட்டு. சிதம்பரம் போறதுக்கு இன்னும் அரமணி நேரம் ஆவும். நீ பேசு, நான் வாயே தொறக்கல.